கோட்டுக்கு இந்தப் பக்கம்

யாங்குபா சன்யாங்கை ஒன்பது பருவங்கள்
கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தவள் நான்.
பேசிக்கொண்டது மொத்தம் ஆறு வாக்கியம் இருக்கலாம்.
வலது விங்கில் அவன், கோட்டுக்கு வெளியே நான்,
நடுவில் ஒரு சாண்கூட இல்லாத வெள்ளை.

அதுவும் பாதி ஆட்டம்தான்.
மறுபாதியில் அவன் எதிர்க்கோட்டுக்குப் போய்விடுவான்,
அங்கே கொடி பிடிப்பவர் ஓஸ்முண்ட், பல் மருத்துவர்.
வார நாட்களில் எனக்கு நகராட்சியில் தண்ணீர் வரிப் பிரிவு.

அவன் வந்த ஏப்ரலில்
பனியை வழித்து ஓரமாகக் குவித்திருந்தார்கள்.
வெளியே போன பந்து குவியலில் புதைந்தது.
கையால் தோண்டி எடுத்தான்,
எனக்குத் தெரியாத ஒரு மொழியில் அதைத் திட்டினான்,
துடைத்து, எறிந்தான்.
சட்டையில் அவன் பெயரின் ஓர் எழுத்தை
விட்டுவிட்டு அச்சடித்திருந்தார்கள்.
ஜூன் வரை அந்தப் பிழையோடே ஓடினான்.
பிழை பார்ப்பது என் வேலை,
இதற்குக் கொடி தூக்க விதியில்லை.

வேகம், வேகம் என்று பத்திரிகையில் எழுதினார்கள்.
நிற்பதுதான் அவன் வித்தை.
பந்து காலடியில், எதிரே ஒரு தடியன்,
இவன் சும்மா நிற்பான், பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி.
தடியனின் எடை ஒரு காலிலிருந்து
இன்னொன்றுக்கு மாறும்.
எடை ஏறிய காலின் பக்கமாகவே
இவன் போயிருப்பான்.

ஒருமுறை கூட்டத்திலிருந்து ஒரு சத்தம்.
என்ன சத்தம் என்று எழுத மாட்டேன்.
அவன் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தான். "கேட்டதா?"
"கேட்டது."
நடுவரிடம் மைக்கில் சொன்னேன். ஆட்டம் நின்றது.
நான்கு நிமிடம் இருவரும்
அருகருகே நின்று மழையைப் பார்த்தோம்.

ஆண்டுக்கொரு ஒப்பந்தம்,
ஒப்பந்தத்தின் வாலைப் பிடித்தபடி விசா.

பிறகு அந்த அக்டோபர்.
எண்பத்தெட்டாம் நிமிடம்.
மேல்வரிசையில் பெல்ஜியத்திலிருந்து ஒருவர்,
மடியில் நோட்டு.
யாரைப் பார்க்க வந்தார் என்று
பாப்கார்ன் விற்றவனுக்கும் தெரியும்.
பந்து வந்தது, அவன் போனான், வலை அசைந்தது,
என் கை மேலே இருந்தது.
எப்போது உயர்ந்தது என்று எனக்கே தெரியாது.

இரவில் அந்தக் காட்சியை
நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
இவன் முழங்கால், தடுப்பவனின் குதிகால்.
குதிகால்தான் கோலுக்குக் கிட்டே,
தீப்பெட்டி அகலம்.
"படுக்க வா" என்றார் ஆர்வே.
பெல்ஜியக்காரர் மாலை விமானத்திலேயே போயிருந்தார்.

ஒரு கோலுக்காக யாரும் ஆளை வாங்குவதில்லை
என்றார் ஓஸ்முண்ட்,
வலிக்காது என்று சொல்லும் அதே குரலில்.

வசந்தத்தில் அவன் முழங்கால் முறுக்கிக்கொண்டது.
வடக்கே இரண்டாம் பிரிவு அணி ஒன்று,
அப்புறம் மூன்றாம் பிரிவு,
அப்புறம் செய்தித்தாள் அவனை எழுதவில்லை.
என் இடுப்பும் பழுதாகி
விசிலும் கொடியும் டிராயருக்குப் போயின.

போன வெள்ளிக்கிழமை, படகுத்துறை.
மஞ்சள் மேலங்கியில் ஒருவன்
ஒளிரும் குச்சியால் கார்களைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தான்.
நிற்கிற விதத்தில் தெரிந்துவிட்டது.
என்னை வலது ஓரத்துக்கு அழைத்தான்,
இன்னும், இன்னும்,
இரும்புச் சுவர் ஒரு சாண் தள்ளி,
பக்கக் கண்ணாடியை மடக்கச் சொன்னான்,
அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தான்.

குச்சியை நேராக உயர்த்தினான்.
அசையாமல் பிடித்தான்.
பின்னால் ஹாரன்கள்.

ஜன்னலை இறக்கி, "அது ஆஃப்சைடு இல்லை" என்றேன்.
எது என்று அவன் கேட்கவில்லை.
"தெரியும்," என்றான், "ஓடும்போதே தெரியும்."
கொஞ்சம் குனிந்து,
"ஹேண்ட்பிரேக் போடுங்கள், இன்று அலை அதிகம்."

அடுத்த காரை நோக்கி நகர்ந்தான்,
பக்கவாட்டாக,
சக்கரங்களிலிருந்து கண்ணை எடுக்காமல்,
நாங்கள் நகர்வோமே, அப்படி.